இருபத்தொன்றாவது ஜோடி

கீங்... கீங்... கீங்...

அலாரம் கத்திய கையோடு நாலு கலர் மெஷின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அச்சகத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஐப்பசி மாதம், காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கும்போது மெஷின் நிற்பது லேசான சங்கதி இல்லை.

செந்தூர்பாண்டி பதறவில்லை. தாள் ஏறும் பக்கம் போய், மெஷினின் வாயில் பாதி நுழைந்து நின்ற முருகன் படத்துத் தாளை உருவினான். ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். ஒற்றைத் தாள் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றின் முதுகில் இன்னொன்று பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டு ஏறியிருக்கிறது. ஒன்றைக் கவ்வ வேண்டிய மெஷின் இரண்டைக் கவ்விவிட்டது.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி சீனிவாசகம் தலையை நீட்டினார்.

"என்னலே, திரும்பவும் டபுள் ஷீட்டா?"

"ஆமா அண்ணாச்சி. ஈரக் காத்து. தாளு ஒட்டுது."

"யாரு அடுக்குனது தாளை?"

"யாரு அடுக்குனாலும் ஒட்டத்தான் செய்யும்."

"அதெப்படி? யாரையாவது ஒருத்தன ஏசுனாத்தானலே எனக்குச் சோறு இறங்கும்."

சிரிப்புச் சத்தத்தோடு தாள் கட்டை விசிறி அடுக்கினார்கள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்த நேரத்தில் செந்தூர்பாண்டியின் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. மதுரை நம்பர். ஒரு காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான்.

"சுகிர்தாவோட அப்பாவா? ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்திருச்சுங்க. நாளைக்கு டாக்டரைப் பாக்கலாம். அம்மாவையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க."

போன் அடங்கிய பிறகும் அவன் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். சாலைக்கு அந்தப் பக்கம் பட்டாசு லோடு ஏற்றிய லாரி ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கட்டாயம் அம்மாவையும் என்றால் என்ன அர்த்தம்?

* * *

இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை பிறந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் அதைப் பங்கு பிரிப்பதுதான். நெற்றி அப்பனுக்கு, மூக்கு தாய்மாமனுக்கு, கால் விரல் பெரியப்பனுக்கு என்று ஆளாளுக்கு ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வார்கள். "சாடை யாரு தெரியுதா?" என்று ஆரம்பித்தால் சண்டை வரைக்கும் போய்த்தான் நிற்கும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குச் சொந்தமாக ஒன்றும் மிஞ்சாது.

சுகிர்தா பிறந்தபோது அப்படி யாரும் பங்கு கேட்கவில்லை. தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தவர்கள், தட்டையான சிறு மூக்கையும், மேல்நோக்கிச் சாய்ந்த கண்களையும், லேசாக எட்டிப் பார்த்த நாக்கையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். "நல்லாருக்கட்டும்" என்றார்கள். காபி குடித்தார்கள். போனார்கள்.

டவுன் சிண்ட்ரோம் என்று பிள்ளைகள் டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். வளர்ச்சி மெதுவாக இருக்கும், நல்ல வேளையாக இதயத்தில் கோளாறு இல்லை, பயிற்சி கொடுத்தால் நடப்பாள், பேசுவாள் என்றார். இப்போது சுகிக்கு இரண்டு வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "ப்பா" என்கிறாள். பருப்புச் சோறு கொடுத்தால் கிண்ணத்தோடு தட்டிவிடுகிறாள், ரசம் என்றால் வாயை ஆவென்று திறக்கிறாள். யாருடைய தலைமுடி கைக்கு எட்டினாலும் விடுவதில்லை.

வம்பு பிள்ளையிடம் இல்லை. அடுத்த வீட்டில் இருந்தது.

அடுத்த வீட்டில் இருப்பவள் செந்தூர்பாண்டியின் அக்கா பொன்னுத்தங்கம். தாய் இல்லாத தம்பியைத் தன் இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள். பட்டாசுப் பெட்டி ஒட்டுகிற வேலை. கை ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாய் சும்மா இருக்காது.

"நம்ம வம்சத்துல இப்படி ஒண்ணு உண்டுமாலே? நானும் ஏழு தலைமுறைக்கு யோசிச்சுப் பாத்துட்டேன். எல்லாம் அவ கொண்டுவந்தது. பட்டாசு மருந்துக் கை. அம்புட்டு வருசம் அலுமினியப் பவுடர்லயே கிடந்தா உடம்புல ஊறாம என்ன செய்யும்?"

செந்தூர்பாண்டியின் மனைவி யோகேஸ்வரி கல்யாணத்துக்கு முன்பு சாத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் கம்பி மத்தாப்பு முக்குகிற வேலை பார்த்தவள். மணப்பெண்ணாக வந்தபோது நகக்கண்ணில் வெள்ளிப் பொடி மினுங்கியது. மருதாணிக்கு நடுவே அதைப் பார்த்துத்தான் செந்தூர்பாண்டி முதல் முதலாக அவளிடம் பேசினான். "கைக்குள்ள தீபாவளியை வச்சிருக்கியே" என்றான். அவள் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கையைத்தான் இப்போது நாள் முழுக்கக் கழுவுகிறாள். வேலையை விட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு துளிப் பொடி கிடையாது. ஆனாலும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தூக்குவாள். யாரும் சொல்லவில்லை. பொன்னுத்தங்கத்தின் பேச்சை அவளே நம்பிவிட்டாள் என்று செந்தூர்பாண்டிக்குத் தெரியும். அதுதான் அவனை அறுத்தது. மதுரைக்குப் பிள்ளையின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியதே அதற்காகத்தான். இது வம்சத்தில் வருகிறதா, இல்லையா என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தை யோகேஸ்வரியின் மேல் விழாமல் இருக்க வேண்டும்.

விழுந்தால் தன் மேல் விழட்டும். தன் முதுகு தாங்கும்.

அன்று சாயங்காலம் சங்கதியைச் சொன்னதும் பொன்னுத்தங்கம் பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

"போயிட்டு வாங்க. நாளையோட தெரிஞ்சிரும்லா, யாரு பக்கமுன்னு."

வாசல் குழாயில் யோகேஸ்வரி கை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் ஒரு நிமிடம் நின்று, மறுபடியும் கேட்டது.

* * *

காலையில் விருதுநகருக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதுரைக்கு ஒரு பஸ். ஜன்னல் ஓரம் யோகேஸ்வரி, மடியில் சுகி. பக்கத்து சீட்டில் திருமங்கலத்துக்குப் போகிற ஒரு அம்மாள், மடியில் மல்லிச் சாக்கு. வளவளவென்று பேசுகிற ஆள். மழை, மல்லி விலை, மருமகள் எல்லாம் முடிந்து பேச்சு பிள்ளைக்கு வந்தது.

"பிள்ளை யாரு சாடை? உங்க வீட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தவள் சுகி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். சாக்கின் வாயைச் சரிசெய்தாள். "தூக்கம் வருது போல பிள்ளைக்கு" என்றாள்.

சுகிக்கு ஒரு தூக்கமும் வரவில்லை. அந்த அம்மாளின் கொண்டையை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரி அந்தச் சின்னக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் மூடி வைத்துக்கொண்டாள். திருமங்கலம் தாண்டும்வரை விடவில்லை.

டாக்டர் ஷரீஃபுன்னிசா ஐம்பது வயதுக்காரர். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிறவர்.

"வாங்க, உக்காருங்க. திருத்தங்கலா? நான் பொறந்தது விருதுநகருலதான். இன்னும் எண்ணெய்ப் பரோட்டான்னா நாக்கு ஊறும்." பேசிக்கொண்டே ஒரு தாளை மேஜைமேல் நகர்த்தினார். "இதுதான் உங்க மகளோட படம்."

வெள்ளைத் தாளில் சின்னச் சின்னக் குச்சிகள். கறுப்பும் சாம்பலுமாகப் பட்டை போட்ட குச்சிகள், இரண்டிரண்டாக, வரிசை வரிசையாக. பெரியதில் ஆரம்பித்துச் சிறியதுவரை நம்பர் போட்டிருந்தது. செந்தூர்பாண்டியின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போய் லென்சை எடுத்தது. அச்சு வேலைக்காரன் எந்தத் தாளைக் கண்டாலும் செய்கிற காரியம். குனிந்து கண்ணை வைத்தான்.

"என்ன தம்பி பாக்குறீக?"

"பழக்கம் டாக்டரம்மா. கறுப்பு வெளுத்திருக்கு. உங்க பிரிண்டர்ல இங்க் தீரப்போகுது."

"என் இங்க்கை விடுங்க, உங்க பிள்ளையைப் பாருங்க" என்று சிரித்தார் டாக்டர். பதற்றத்தோடு வந்த இரண்டு பேருக்கும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் மூச்சு வந்தது.

"இந்தக் குச்சிகளுக்குப் பேரு குரோமோசோம். நம்ம உடம்புல எம்புட்டோ கோடி செல்லு இருக்குல்ல, அநேகமா எல்லாத்துக்குள்ளயும் இந்தக் கட்டு இருக்கு. ஆளு நெட்டையா குட்டையா, முடி சுருட்டையா நீளமா, கண்ணு கறுப்பா பூனைக்கண்ணா, அதுக்கான குறிப்பெல்லாம் இதுக்குள்ளதான் சுருட்டி வச்சிருக்கு. மொத்தம் நாப்பத்தாறு. இருபத்துமூணு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு தாய் குடுத்தது, ஒண்ணு தகப்பன் குடுத்தது."

"சரிபாதியாங்கம்மா?" யோகேஸ்வரி கேட்டாள். அறைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"சரிபாதி. மூக்கு அப்பன் மூக்கா இருக்கலாம், முழி அம்மா முழியா இருக்கலாம். கணக்குல பாத்தா ஆளுக்கு இருபத்துமூணு."

யோகேஸ்வரி தலையை ஆட்டினாள். மடியில் இருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். எதையோ தேடுகிற பார்வை.

அந்த நேரம் பார்த்து சுகி, மேஜைமேல் இருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கேட்டு வீரிட்டாள். கொடுத்தால் வீசினாள், வாங்கினால் அழுதாள். "நான் வெளிய வச்சிருக்கேன், நீங்க கேட்டுட்டு வாங்க" என்று யோகேஸ்வரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கதவு மூடியது.

டாக்டர் பேனா நுனியால் தாளின் கடைசி வரிசையைத் தொட்டார்.

"இங்க பாருங்க. இருபத்தொண்ணாவது ஜோடி."

லென்ஸ் தேவைப்படவில்லை. மற்ற எல்லா நம்பருக்கு மேலும் இரண்டு நின்றன. இருபத்தொன்றுக்கு மேல் மூன்று. மூன்றும் குட்டிக் குட்டியாக, அடுத்தடுத்து, பள்ளிக்கூட பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி.

"சுகிர்தாவுக்கு நாப்பத்தேழு. இந்த ஒண்ணு கூட. அம்புட்டுதான் அவ உடம்புல உள்ள வித்தியாசம்."

"இது எப்படி டாக்டரம்மா வந்துச்சு?"

"கரு உண்டாகுறதுக்கு முந்தி, தாயோட முட்டையும் தகப்பனோட அணுவும் தயாராகும்போது, ஒவ்வொரு ஜோடியும் பிரியணும். பிரிஞ்சு ஆளுக்கு ஒண்ணுதான் போகணும். சில நேரம் ஒரு ஜோடி மட்டும் பிரியாம ரெண்டும் ஒட்டிக்கிட்டு..."

"டபுள் ஷீட்டு" என்றான் செந்தூர்பாண்டி.

"என்னது?"

அவன் சொன்னான். தாள் கட்டு, ஈரக் காற்று, ஒன்றைக் கவ்வ வேண்டிய இடத்தில் இரண்டைக் கவ்வுகிற மெஷின் எல்லாவற்றையும் கையால் செய்து காட்டிச் சொன்னான். டாக்டர் தலைமேல் இருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அதேதான். என்ன, உங்க மெஷின்ல அலாரம் அடிக்கும். இங்க அடிக்காது."

"அதுல யாரு மேலயும் தப்பு கிடையாது டாக்டரம்மா. நல்ல தாளு, நல்ல மெஷின், நல்ல ஆளு. இருந்தாலும் ஏறும்."

"இதையேதான் நான் வர்றவங்க எல்லார்கிட்டயும் மாத்தி மாத்திச் சொல்லிட்டிருக்கேன். யாரும் நம்புறதில்லை." டாக்டர் தாளை மடித்தார். "வம்சத்துல வர்ற வகை ஒண்ணு இருக்கு. அதுல இந்தக் கூடுதல் குச்சி இன்னொண்ணுமேல போயி ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்படி இருந்தா உங்க ரெண்டு பேரு ரத்தத்தையும் பாக்கணும். உங்க மகளுக்கு அது இல்லை. இது தனியா நிக்குது. உங்க பரம்பரையிலயும் இல்லை, அவங்க பரம்பரையிலயும் இல்லை. அடுத்த பிள்ளைக்கு வர வாய்ப்பு ரொம்பக் கம்மி. மாசமா இருக்கும்போதே பாத்துக்கிடலாம்."

செந்தூர்பாண்டிக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது. கதவுவரைக்கும் போனவன் எதற்கோ திரும்பினான். திரும்பாமலே இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டான்.

"அந்த ஒட்டுன ரெண்டும், டாக்டரம்மா... யாருகிட்ட இருந்து வந்திருக்கும்?"

டாக்டர் மடித்த தாளை மறுபடி பிரித்தார்.

"இந்தப் படத்துல அது தெரியாது. பொதுவா, நூத்துல தொண்ணூறு பேருக்குத் தாயோட முட்டையிலதான் அப்படி நடக்குது. ஏன்னா அந்த முட்டை, தாய் பொறக்கும்போதே உண்டாகி ரொம்ப வருசம் காத்திருக்குற சமாச்சாரம். அது குத்தம் இல்லை, புரியுதா?"

"எனக்குப் புரியுது. அவகிட்ட மட்டும் சொல்லாதீக."

"சொல்லாம எப்படி? பிள்ளையோட தாய் அவங்க."

"நானே சொல்றேன். பக்குவமா."

"சொல்லுங்க. மறைச்சு வச்சிராதீங்க. மறைச்சு வச்சா அதுவே குத்தம் மாதிரி ஆயிரும்."

அழுகை ஓய்ந்த சுகியோடு யோகேஸ்வரி உள்ளே வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"பட்டாசு மருந்தாலயாங்கம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் கேள்வி.

"இல்லைம்மா. மருந்துக்கும் இதுக்கும் முடிச்சுப் போட எந்த ஆதாரமும் கிடையாது. நீ எந்த வேலை செஞ்சிருந்தாலும், செய்யாம வீட்டுலயே இருந்திருந்தாலும் இது நடக்கலாம்."

யோகேஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். வெளியே வரும்போது வராந்தாக் கோடியில் கை கழுவுகிற குழாய் இருந்தது. பழக்கத்தில் அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து கழுவாத கையாலேயே சுகியின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

செந்தூர்பாண்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். இதைக் கண்ட பிறகு எங்கே போய் மற்றதைச் சொல்வது?

* * *

திருமங்கலத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். கூட்டம் ஏறியது. கள்ளிக்குடியில் நினைத்தான். யோகேஸ்வரி தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்து, பிள்ளை மாதிரியே. விருதுநகரில் இறங்கிப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தபோது நிச்சயம் சொல்லிவிடுவது என்று தண்ணீரைக் குடித்தான்.

"யோகு..."

"ம்?"

"சால்னா வேணுமா?"

"இருக்குல்ல" என்றாள் அவள். முறுகலான பரோட்டாவைப் பொடிப்பொடியாகப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சுகி ஒவ்வொரு வாய்க்கும் மேஜையைத் தட்டினாள். அவர்களை அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றியது செந்தூர்பாண்டிக்கு. டபுள் ஷீட் ஏறியாயிற்று. எந்தக் கட்டிலிருந்து ஏறியது என்று தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

திருத்தங்கலில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. எங்கோ ஒரு கம்பெனியில் சரவெடியைச் சோதித்துப் பார்த்தார்கள். சுகி அந்தப் பக்கம் கையை நீட்டி "ப்பா" என்றாள்.

பொன்னுத்தங்கம் வாசலிலேயே இருந்தாள். ஒட்டிய பெட்டிகள் ஒரு பக்கம், ஒட்டாத அட்டைகள் ஒரு பக்கம். தம்பியைக் கண்டதும் எழுந்திருக்காமலே கேட்டாள்.

"என்னலே சொன்னாக? யாரு பக்கமாம்?"

யோகேஸ்வரி பிள்ளையோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள். யார் பக்கமும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அது உண்மைதான். ஆனால் அக்கா அதை விடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். இன்றைக்குத் தலையாட்டிவிட்டு நாளைக்கு அட்டை மடிக்கும்போது, "யாரு பக்கமும் இல்லாம வானத்துல இருந்தா விழுந்துச்சு?" என்று ஆரம்பிப்பாள். ஒரே அடியாக அடைத்துவிட வேண்டும்.

"என் பக்கந்தான் யக்கா. என்கிட்ட இருந்து வந்ததாம்."

பொன்னுத்தங்கத்தின் பசை விரல் அப்படியே நின்றது. வாய் ஒருமுறை திறந்து மூடியது. அவன் வாழ்நாளில் அக்காவுக்குப் பேச்சு வராமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"அதுக்கென்ன இப்ப? யாருக்கும் வர்றதுதான. மனுசப் பிறவின்னா நாலும் இருக்கும். இதுக்குப்போயி மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நிக்கான் பாரு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஏத்தா யோகு, பிள்ளைய இங்க குடு."

வாங்கி இடுப்பில் வைத்தாள். வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். சுகியின் காதோரத்து முடியை ஒதுக்கினாள்.

"ஏலே செந்தூரு. இந்தக் காதப் பாருலே. நம்ம அப்பா காது. இந்த மேல் மடிப்பு இருக்குல்ல, அப்படியே அவருக்கு. இம்புட்டு நாளா என் கண்ணு எங்க போச்சு?"

இரண்டு வருடத்தில் யாராவது அந்தப் பிள்ளையிடம் ஒரு சாடையைக் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான். பொய் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தோடு யோகேஸ்வரியின் பக்கம் திரும்பினான்.

அவள் அங்கே இல்லை.

உள்ளே அடுப்படியில் ஒரு பாத்திரம் 'டங்'கென்று இறங்கியது. அதன் மேல் இன்னொரு பாத்திரம் இன்னும் பலமாக இறங்கியது.

* * *

யோகேஸ்வரி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தோல் எங்கே போகிறது, வெங்காயம் எங்கே போகிறது என்று பார்க்காமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோகு?"

"ஒண்ணுமில்லை. உங்க வீட்டுப் பிள்ளைக்கு ரசம் வைக்கணும்லா."

அவனுக்குப் புரியவில்லை. எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"இனிமே அக்கா உன்ன ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. அதுக்காகத்தான அப்படிச் சொன்னேன்."

"சொன்னீகள்ல. ரொம்ப நல்லது."

"அப்புறம் ஏன் பாத்திரத்த உடைக்க?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"டாக்டரம்மா சரிபாதின்னு சொன்னாக. நான் பஸ் பூரா அதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். பாதி நான்னு. சாடை வெளிய தெரியாட்டாலும் உள்ளுக்குள்ள பாதி என்னுதுன்னு. வாசல்ல கால் வைக்கல, அதுக்குள்ள அம்புட்டும் உங்க வீடு ஆயிருச்சு. காது உங்க அப்பாவுக்கு. நாளைக்கு மூக்கும் போயிரும். பத்து மாசம் சுமந்தவளுக்கு ஒரு நகம்கூடக் கிடையாதாக்கும்?"

செந்தூர்பாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக இவள் தோளிலிருந்து எதை இறக்கி வைக்கலாம் என்று அலைந்தானோ, அதற்குள்ளே இவளுக்கு வேண்டியதும் இருந்திருக்கிறது. கல்லை எடுக்கிறேன் என்று பிள்ளையையும் சேர்த்து எடுத்துவிட்டானே.

"அது பொய், யோகு."

"எது?"

"என்கிட்ட இருந்து வந்துச்சுன்னு சொன்னது. டாக்டரம்மா அப்படிச் சொல்லல." இதற்கு மேல் தள்ளிப்போட பஸ்ஸும் இல்லை, பரோட்டாக் கடையும் இல்லை. "நீ வெளிய போனப்புறம் நான் கேட்டேன். ஒவ்வொரு நம்பருக்கும் நீ ஒண்ணு குடுத்திருக்கே, நான் ஒண்ணு குடுத்திருக்கேன். இருபத்தொண்ணாம் நம்பர்ல மட்டும் ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்திருச்சாம். ஒட்டி வந்தது... அநேகமா உங்கிட்ட இருந்துதான் இருக்கும்னு சொன்னாக. நூத்துக்குத் தொண்ணூறு. யாரு மேலயும் குத்தம் இல்லைன்னாக, யோகு. எங்க மெஷின்ல தாளு ஒட்டுற மாதிரி. நான்தான் உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு..."

சொல்லி முடிக்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. வாசல் குழாயைத் திறக்கப் போய்விடுவாள் என்று காத்திருந்தான்.

யோகேஸ்வரி எழுந்திருக்கவில்லை.

"ஒட்டி வந்த ரெண்டும் என்னுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அநேகமா."

"அந்த நம்பர்ல நீங்க குடுத்தது?"

"எல்லாத்துலயும்போல ஒண்ணு."

அவள் கண்ணில் நீர் நின்றது. அது வெங்காயத்தாலா என்று அவனால் சொல்ல முடியவில்லை. இடது கை விரல்களை வலது கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள், கடையில் சில்லறை சரிபார்க்கிறவள் மாதிரி. உதடு அசைந்தது. வாசலில் பொன்னுத்தங்கம் பிள்ளையை வைத்துக்கொண்டு தம்பிக்குக் கேட்கும்படி உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். "ஏலே, இந்த மூக்கும் நம்ம மூக்குதாம்லே, கொஞ்சம் சப்பையா இருக்கு, அம்புட்டுதான்" என்ற குரல் அடுப்படிவரை வந்தது.

யோகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்ப சுகி உங்களுக்கு இருபத்துமூணு, எனக்கு இருபத்துநாலு. போயி மதினிகிட்ட அந்தக் கணக்கைச் சொல்லுங்க."